விதை வீட்டில் இருக்கட்டும்: கேழ்வரகு, அவரை, சுரை விதை காக்கும் முறை

பென்னாகரம் பக்கம் மானாவாரிக் காடு எங்களுக்கு. ஆடியில் கேழ்வரகு, அதன் ஊடே சால் விட்டு அவரையும் துவரையும், வரப்போரம் தட்டைப்பயறு, வேலியில் சுரையும் பீர்க்கும். இவற்றின் விதை எந்தக் கடையிலும் ஒரே இடத்தில் கிடைக்காது. வீட்டுப் பெண்கள் எடுத்து வைத்தால்தான் உண்டு.

விதை வாங்கும் வேலை கடைக்குப் போனால் காட்டில் ஒரே பயிர்தான் வரும். ஊரில் பல வீட்டில் நடப்பது இதுதான்: மக்காச்சோளப் பை ஒன்று வருகிறது, காடு முழுக்க அதுவே. விளைந்ததும் கோழித்தீவனத்துக்கு லாரி ஏறுகிறது. காசு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரைக்கொட்டை, தட்டைப்பயறு, சுரைக்காய் எல்லாம் சந்தைப் பையில் வரவேண்டியதாகிவிடுகிறது. கை இறுகும் வாரத்தில் முதலில் நிற்பது அதுதான், முதலில் குறைவது வீட்டுப் பெண்ணின் தட்டில். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. நிலம் யார் கையில் என்று பார்த்தாலும் நாம் குறைவுதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சாகுபடி நிலக் கணக்குகளில் பெண்கள் நடத்தியவை நூற்றுக்குப் பதினான்கு அளவுதான். பட்டா கைக்கு வரும்வரை விதைப்பானையையாவது விடாதீர்கள் என்பது என் கட்சி. விதைப்பு நாளன்று "இதோ இருக்கு, இதைப் போடுங்க" என்று எடுத்து வைப்பவள் பேச்சு அந்த வீட்டில் எடுபடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

விதையை அறுவடைக்கு முன்பே, காட்டிலேயே எடுக்க வேண்டும். களத்தில் குவித்தபிறகு அள்ளுவது விதை ஆகாது, அது தானியம். கார்த்திகை கடைசியில் கேழ்வரகு முற்றும்போது, ஆள் விட்டு அறுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் மடியில் ஒரு துணி கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குங்கள். எருக்குழிப் பக்கம் நிற்கும் பயிரும் வரப்போரப் பயிரும் பெரிதாகத்தான் இருக்கும். அது எருவின் வேலை, விதையின் வேலை இல்லை. நடுக்காட்டில், மற்றவற்றோடு போட்டி போட்டு நன்றாக நிற்கும் தூரில் எடுங்கள். கதிரின் விரல் எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்து, மணி நெருக்கமாக இருக்க வேண்டும். கதிரின் கழுத்து கறுத்து உள்ளே பதராக இருந்தால் அது குலைநோய். அந்தப் பயிர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் தொடாதீர்கள், நோய் விதையோடு வரும். ஒரே தூரில் முழுவதையும் ஒடிக்காமல் பல இடத்தில் பத்து, இருபது தூர் பார்த்து எடுத்தால் மழை முன்னேபின்னே ஆனாலும் ஏதாவது ஒன்று தாங்கும்.

கேழ்வரகு காப்பதற்கு எளிது. மணி சிறிசு, தோல் கெட்டி, வண்டு அண்டாது. நன்றாகக் காய்ந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிற தானியம் இவ்வளவு சுலபமாகக் கிடக்கிறது, நாம் மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறோம்.

கொடிக்காய்க்குத்தான் பக்குவம் வேண்டும். சுரையில் தேனீயும் அந்துப்பூச்சியும் பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். குண்டுச்சுரை விதை போட்டு நீட்டுச்சுரை காய்ப்பது அதனால்தான். பீர்க்கும் சுரையும் கலந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள், அது நடக்காது. சுரை சுரையோடு மட்டும்தான் கலக்கும். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஒரே ரகம் வைத்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வேறு ரகம் இருந்தால் கையால் சேர்க்கலாம், கால் மணி நேர வேலை. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ, வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ. சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். மூன்று மணி வாக்கில், அன்றைக்கு மலரப்போகும் மொட்டுகளைப் பார்த்து ஆண், பெண் இரண்டுக்கும் காகிதக் கூம்பு மாட்டிவிடுங்கள். மலர்ந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். அதே ரகத்தில் வேறு கொடியின் ஆண் பூவாக இருந்தால் இன்னும் நல்லது. கூம்பை மறுபடி மாட்டி இரண்டு நாள் விடுங்கள். காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டினால், மருமகளோ பேரனோ கறிக்குப் பறித்துவிட மாட்டார்கள். பூசணியும் பாகலும் காலையில் மலரும் சாதி. அவற்றுக்கு முந்தின நாள் மாலை கூம்பு, விடிந்ததும் மகரந்தம்.

ஒரு எச்சரிக்கை. விதைக்கு விடப்போகிற கொடியின் பிஞ்சு ஒன்றை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள், கறியும் வைக்காதீர்கள். கசப்புச் சுரை விஷம். சாறு குடித்துச் செத்தவர்கள் உண்டு.

சுரையைக் கொடியிலேயே காயவிட வேண்டும். ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும் சத்தம் வந்தால் தயார். குடுக்கையை உடைக்காமல் அப்படியே உத்தரத்தில் தொங்கவிடலாம். பீர்க்கும் அப்படித்தான். பாகலும் புடலையும் சிவந்து பழுத்ததும் எடுத்துக் கழுவ வேண்டும். என் மாமியார் அந்த விதைகளை வரட்டி தட்டும்போது அதில் பதித்துச் சுவரில் அப்பிவிடுவார், வேண்டியபோது உடைத்து எடுத்துக்கொள்வார். நான் சாம்பலில் புரட்டி வைக்கிறேன், இரண்டும் முளைக்கிறது.

கத்தரியில் நன்றாக மஞ்சளாகப் பழுத்த காயைப் பிசைந்து தண்ணீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும். தக்காளிச் சாற்றை ஒரு நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். இரண்டையும் நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயில் மட்டும் விதை எடுக்க வேண்டாம். அடுத்த வருடம் செடிக்கு ஒரு குணமாக வந்து நிற்கும்.

காயவைப்பதுதான் பாதி வேலை. ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் விதையின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது விதை படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மார்கழிப் பனியில் அவசரப்படாதீர்கள், பொழுது நன்றாக ஏறியபிறகு விரித்து, பனி இறங்குவதற்குள் அள்ளிவிடுங்கள். வெயில் முற்றிய மாதமானால் காலையிலும் மூன்று மணிக்கு மேலும் போதும். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ போட்டால் முளை வெந்துவிடும். பாயும் சாக்கும் நல்லது. காய்ந்துவிட்டதா என்று பயறைக் கடித்துப் பார்ப்போம், பல் பதியாமல் 'கடக்' என்று உடைய வேண்டும். கடிக்க முடியாத சின்ன விதைக்கு உப்பு உதவும். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் விதையும் ஒரு பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் விதையில் ஈரம் இருக்கிறது, திரும்ப வெயிலுக்குப் போகட்டும்.

அவரை, துவரை, தட்டைப்பயறு, இவற்றுக்கு எதிரி வண்டு. வீட்டில் வந்து பிடிப்பதாக நினைக்கிறோம், அது காட்டிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடுகிறது. விதையோடு வீட்டுக்கு வந்து, ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும், அது மறுபடி முட்டை வைக்கும். இரண்டாவது தலைமுறையைத் தடுத்தால் விதை தப்பித்தது. அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். துவரைக்குச் செம்மண்: சலித்த செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, விதை ஊறாமல் மேலே மெல்லிசாகப் பூச்சு பிடிக்கும் அளவுக்குப் புரட்டி, உடனே காயவைக்க வேண்டும். தட்டைப்பயறுக்கு அடுப்புச் சாம்பல்: ஆறி, சலித்த சாம்பல், பயறுக்குக் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஒரு பிடி தூவினால் பிரயோசனம் இல்லை, இடுக்கெல்லாம் சாம்பல் நிறைந்தால்தான் வெளியே வரும் வண்டு நகர முடியாமல் சாகும். கேஸ் அடுப்புக்காரர்களுக்கு எண்ணெய்: ஒரு கிலோவுக்கு 5 மில்லி, ஒரு சின்னக் கரண்டி, கடலை எண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டு ஒவ்வொரு விதையும் மினுங்கும்வரை புரட்டினால் முட்டை பொரியாது. அதிகம் ஊற்றினால் முளைப்பு கெடும். வேப்பிலை, வசம்பு போடுவதும் நல்ல பழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி விடாதீர்கள்.

மண்பானை மூச்சு விடும், மழைக்காலத்தில் ஈரமும் உள்ளே போகும். அதனால் வாயைத் துணி கட்டிச் சாணி பூசி, அடுக்களைப் பரணில் வையுங்கள். புகை இல்லாத வீடு என்றால் இறுக மூடும் கண்ணாடி பாட்டிலே போதும், காய்ந்த விதைக்கு மட்டும். அரைகுறை ஈரத்தோடு மூடினால் பூசணம் பூக்கும். ரகம், எடுத்த மாதம், யார் வீட்டிலிருந்து வந்தது என்று சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டை எலி தின்னும்.

ஆனி பிறந்ததும் முளைப்பு பாருங்கள். நூறு விதையை ஈரச் சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் வைத்தால் தெரிந்துவிடும். பயறில் 75 முளைத்தால் வழக்கமான அளவு போடலாம். அறுபது என்றால் அதற்குத் தக்கபடி கூடுதலாகப் போடுங்கள். பாதிகூட வராவிட்டால் அதைக் கொத்துக்கடலையோடு சேர்த்துச் சுண்டலாக்கிவிட்டு (எண்ணெய், செம்மண் பூசியதை நன்றாகக் கழுவியபிறகு) பக்கத்து வீட்டில் கேளுங்கள், விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும்.

கேட்க வீடு வேண்டுமே, அதற்குத்தான் குழு. மகளிர் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது எங்கள் தர்மபுரிக்குத்தான், 1989-ல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு. சேமிப்பு நோட்டு எழுதும் அதே கூட்டத்தில் விதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஒரு படி வாங்கினால் விளைந்ததும் இரண்டு படி திருப்ப வேண்டும், மழை பொய்த்தால் அடுத்த வருடம். இரண்டு வீட்டிலாவது ஒரே ரகம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதைச் சந்தையில் விற்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாக விற்கலாம். பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பேர் அச்சடித்த முத்திரை விதையாக மட்டும் விற்கக் கூடாது. நான் ஆடி மாதச் சந்தைக்குச் சுரை, பீர்க்கு, அவரை விதையைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போவேன். கறிக்காயாக விற்றால் வருவதைவிட அதே காயின் விதையில் கூடுதலாக வருகிறது. அந்தக் காசு வீட்டுக்காரர் சட்டைப் பைக்குப் போவதில்லை, குழு நோட்டில் என் பேருக்கு நேராக ஏறுகிறது.