மலைக்கிராமப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கவும் தக்கவைக்கவும்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டத்து லைன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) நம்பியிருக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு 60 என்பது முக்கியமான எண். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஐந்து வகுப்பையும் இருவரே நடத்தும் பள்ளி என்றதும் பெற்றோர் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றிவிடுகிறார்கள்.

மார்ச்சிலேயே பெயர்ப்பட்டியல் எடுங்கள். ஜூலை 31க்குள் 5 வயது நிறையும் பிள்ளைகள்தான் இலக்கு. அங்கன்வாடிப் பதிவேடு மட்டும் போதாது; கிராம சுகாதார செவிலியரின் தடுப்பூசிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இரண்டிலுமே விடுபடலாம். அவர்களுக்கு லைன் லைனாக நேரில் போவதுதான் வழி.

பகலில் போனால் பாட்டிதான் இருப்பார், முடிவு கிடைக்காது. இலை எடை போட்டு வீடு திரும்பிய பிறகு, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார் இருவரோடு போங்கள். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள். விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அது பெரிய விஷயம்.

பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை அந்தப் பள்ளி எமிஸில் (மாணவர் விவரம் பதியும் அரசு இணையதளம்) காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடுவிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பெயர் பழைய பள்ளியின் கணக்கிலேயே நிற்கும். இழுத்தடித்தால் உடனே வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

சேர்த்த பிள்ளையைத் தக்கவைப்பது வாசிப்புதான். மூன்றாம் வகுப்பிலிருந்து வாரம் ஒருமுறை, ஒவ்வொருவரையும் தனியாக, பார்க்காத மூன்று வரி வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடத்தைக் கொடுத்தால் ஏமாந்துபோவோம்: விரல் வரியில் நகரும், கண் உங்கள் முகத்தில் இருக்கும், அது மனப்பாடம். எழுத்திலேயே நிற்பவர்களுக்குத் தினமும் 20 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். வீட்டில் பணியர் பழங்குடியின் பணிய மொழி பேசும் பிள்ளை முதல் சில மாதம் வாய் திறக்காது. அதற்கு 'மந்தம்' என்று பெயர் வைப்பது கொடுமை. அந்த மொழி தெரிந்த ஒருவரை வகுப்பில் உட்காரவையுங்கள்.

ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் பிள்ளைகளுக்கு வழித்துணை அல்லது வாகன வசதி கேட்கலாம். குழுத் தீர்மானத்தில் 'வசதி தேவை' என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. பிள்ளையின் பெயர், தூரம், யானை நடமாடும் பகுதி, மழையில் முழுகும் ஓடை என எல்லாவற்றையும் எழுதி, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே வட்டார வள மையத்தில் கொடுத்து, ஒப்புதல் முத்திரையோடு நகல் வாங்கிவிடுங்கள்.