பிகாஸ் வேறு, பிகாஸ் ஆஃப் வேறு

வீட்டில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளை இருந்தால், சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.யின் ஆங்கிலத் தாளில் வாக்கியங்களை இணைத்து, மாற்றி எழுதும் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். காரணம் சொல்லும் வாக்கியங்கள் அங்கே காலை வாரிவிடும்.

'பிகாஸ்' என்றால் அடுத்து எழுவாயும் வினையும் வர வேண்டும்: 'பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்'. 'பிகாஸ் ஆஃப்' என்றால் பெயர்ச்சொல் போதும்: 'பிகாஸ் ஆஃப் தி ரெயின்'. தமிழில் 'மழையால்', 'மழை பெய்ததால்' என இரண்டிலும் ஒரே 'ஆல்' ஒட்டிக்கொள்வதால் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடுவதில்லை.

மாற்றி எழுதச் சொல்லும்போதுதான் உண்மையான வேலை. 'ஹி ஃபெல் பிகாஸ் ஹி வாஸ் கேர்லெஸ்' என்பதில் 'ஆஃப்' சேர்ந்ததும் இரண்டாவது 'ஹி', 'ஹிஸ்' ஆகும், 'வாஸ்' மறைந்துவிடும், 'கேர்லெஸ்', 'கேர்லெஸ்னெஸ்' ஆகும். ஆக, 'ஹி ஃபெல் பிகாஸ் ஆஃப் ஹிஸ் கேர்லெஸ்னெஸ்'. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் 'னெஸ்' ஒட்டாது. 'பிரேவ்' என்பது 'பிரேவரி' ஆகும், 'ஆப்சென்ட்' என்பது 'ஆப்சென்ஸ்' ஆகும். இந்த இணைகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'டியூ டு', 'ஓயிங் டு' இரண்டுக்கும் இதே விதிதான்.

'பிகாஸ்' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே 'சோ' வேண்டாம். 'தி ரீசன் இஸ் பிகாஸ்' எம்.ஆர்.டி. ரயிலில் காதில் விழும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தேர்வுத் தாளில் மட்டும் 'தி ரீசன் இஸ் தட்' என்று எழுதச் சொல்லுங்கள்.