பள்ளித் துடுப்புப் படகு அணியில் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் துடுப்புப் படகு அணி இருப்பதில்லை. அருகில் ஆறோ ஏரியோ இருக்க வேண்டும். படகுகளை வைக்க இடமும் அவற்றைப் பராமரிக்கப் பணமும் வேண்டும். பிலடெல்பியாவுக்கு இவை மூன்றும் வாய்த்திருக்கின்றன. ஸ்கூகில் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் படகு இல்லங்களுக்கு போட்ஹவுஸ் ரோ என்றே பெயர். அந்த ஆற்றில் 1927ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டோட்ஸ்பரி கோப்பை, பள்ளி மாணவர்களுக்காக நடத்தப்படும் மிகப் பெரிய ரெகாட்டாக்களில், அதாவது படகுப் போட்டிகளில், ஒன்று.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இந்த விளையாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் துடுப்பு வலித்தாள். கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்த எனக்கு, இதில் எது திறமை, எது பிழை என்பது விளங்கவே நெடுநாள் ஆயிற்று. இப்போது புதிதாகச் சேரும் குடும்பங்கள் கேட்கும்போது நான் முதலில் சொல்வது, இங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருகின்றன என்பதைத்தான். சோம்பேறிப் பிள்ளைகள் அவற்றைச் செய்வது குறைவு; எல்லாரையும் முந்திவிட வேண்டும் என்ற துடிப்புள்ள பிள்ளைதான் அவற்றை முதலில் செய்கிறது.

தண்ணீரைக் குறைத்து எண்ணுவது

நீச்சல் சரியாகத் தெரியாமல் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருப்பது நம் வீடுகளில் அதிகம் காணும் தவறு. பெரும்பாலான அணிகள் படகில் ஏற்றும் முன் நீச்சல் தேர்வு வைக்கின்றன: குறிப்பிட்ட தூரம் நீந்தி, சில நிமிடங்கள் கால் ஊன்றாமல் மிதந்து, நீருக்குள் இருந்தபடியே உயிர்காப்பு அங்கியை மாட்டிக் காட்ட வேண்டும். இதை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. துடுப்பு வலிப்பவர்கள் வழக்கமாகப் படகில் உயிர்காப்பு அங்கி அணிவதில்லை. பந்தயப் படகுகளில் அதை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதிகளில் இல்லை. அங்கிகள் பயிற்றுநர் ஓட்டிவரும் மோட்டார் படகில் இருக்கும். அது வந்து சேரும் வரை பிள்ளை தன் பலத்தில் தண்ணீரில் இருந்தாக வேண்டும்.

மார்ச் மாதத்தில் வெயில் இதமாக அடிக்கும். ஆற்று நீரோ கையை வைத்தால் சுரீரென்று குத்தும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். வெயிலை நம்பிப் பருத்திச் சட்டையோடு பிள்ளையை அனுப்புவது தவறு, ஏனெனில் நனைந்த பருத்தி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்கு ஒன்று, பத்து, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். கரை அருகில்தானே தெரிகிறது என்று படகை விட்டு நீந்தத் தொடங்குபவர், அந்தப் பத்து நிமிடங்களைத்தான் செலவழிக்கிறார். கவிழ்ந்தாலும் படகு மிதக்கும். அதைப் பற்றிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது குதிகால் கயிறு. படகின் காலணிகள் படகோடு பொருத்தப்பட்டவை. படகு கவிழும்போது பாதம் தானே உருவிக்கொண்டு வருவதற்காக, ஒவ்வொரு காலணியின் குதிகாலும் சிறு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். அது தளர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பாராமல் உட்காரும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும். போட்டி நாளில் நடுவர்கள் இதையும், படகின் முனையில் இருக்கும் சிறிய வெள்ளை ரப்பர் பந்தையும் சோதிப்பார்கள். குறையிருந்தால் படகை ஆற்றில் இறங்க விடமாட்டார்கள்.

படகு எவ்வளவு மென்மையானது என்பதை மறப்பது

எட்டுப் பேர் வலிக்கும் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளம் இருக்கும். உலகப் போட்டி விதிகளின்படி அதன் குறைந்தபட்ச எடை வெறும் 96 கிலோ. அவ்வளவு நீளத்துக்கு அவ்வளவு குறைந்த எடை என்றால், அதன் கார்பன் உடல் எவ்வளவு மெல்லியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே கால் வைப்பதற்கென்று ஒரு சிறு பலகை உண்டு. அதைத் தவிர வேறெங்கு மிதித்தாலும் கால் அடிப்பகுதியைப் பிளந்துகொண்டு போய்விடக்கூடும். புதியவர்கள் தோளில் படகைச் சுமக்கும்போது பேசிக்கொண்டே வருவதும், படகைத் திருப்பி அணிக்கு ஆணையிடும் காக்ஸ் சொல்வதற்கு முன்பே கையை எடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒருவர் கையை எடுத்தால் அந்தச் சுமை மற்ற ஏழு தோள்களில் இறங்கும், படகின் வால் திரும்பிப் படகுகளை அடுக்கும் அடுத்த சட்டத்தில் மோதும், அந்த வாரம் முழுதும் அணிக்குப் படகு இருக்காது.

கையால் இழுப்பதும் முன்னே விரைவதும்

இனி இந்த விளையாட்டின் மையத்துக்கு வரலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துடுப்பு வலிப்பது கை வேலையாகத் தெரியும். உண்மையில் அது கால் வேலை. துடுப்பின் அலகு, அதாவது அதன் தட்டையான முனை, நீரில் இறங்கியதும் முதலில் கால்கள் உந்த வேண்டும், அடுத்து இடுப்பிலிருந்து உடல் பின்னே சாய வேண்டும், கடைசியில்தான் கைகள் மடங்க வேண்டும். திரும்பி வரும்போது இந்த வரிசை தலைகீழ்: கை, உடல், கால். தோளில் பலமுள்ள பையன்கள் முதல் நொடியிலேயே கையை மடக்கி இழுப்பார்கள். சிலர் கால்களை உந்தும்போது உடலைப் பிடித்து நிறுத்தாமல் இருக்கையை மட்டும் பின்னே தள்ளிவிடுவார்கள். இருக்கை நகரும், துடுப்பு நகராது. சுமை முழுதும் வளைந்த முதுகில் போய் விழும். கீழ்முதுகு வலி என்று பிள்ளை சொன்னால், தைலம் தடவி மறுநாள் அனுப்பிவைக்காமல் பயிற்றுநரிடம் சொல்லித் துடுப்பு வலிக்கும் முறையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. எட்டுப் பிள்ளைகளின் எடையைக் கூட்டினால் 500 கிலோவைத் தாண்டும். அவர்கள் அமர்ந்திருக்கும் படகு 100 கிலோகூட இல்லை. ஒரு வலிப்பு, அதாவது துடுப்பை ஒருமுறை இழுப்பது, முடிந்து அடுத்ததற்காக அவர்கள் நகரும் இருக்கையில் முன்னேறும்போது, அந்த 500 கிலோ படகு போகும் திசைக்கு எதிராக நகர்கிறது. மெதுவாக நகர்ந்தால் படகு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். அவசரமாகப் பாய்ந்து வந்து கடைசியில் காலால் முட்டி நின்றால், அந்த முட்டு படகைப் பின்னுக்குத் தள்ளும். ஆக, அடுத்த வலிப்பைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று துடிக்கும் பிள்ளை படகை நிறுத்திக்கொண்டிருக்கிறது. வேகமாக வலித்து மெதுவாகத் திரும்பு என்று பயிற்றுநர்கள் ஓயாமல் கத்துவதன் காரணம் இதுதான். ஒரு காலைப் பொழுதில் மோட்டார் படகில் பயிற்றுநரோடு சென்றபோது இதை நேரில் கண்டேன். எண்ணிக்கை நிமிடத்துக்கு 30 வலிப்பிலிருந்து 24க்குக் குறைந்தது; துடுப்புகள் நீரை விட்டு எழுந்த பின், படகின் அடியில் குமிழிகள் ஓடும் சலசலப்பு தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் படகு ஓடுகிறது என்று பொருள் என்றார் அவர்.

அவசரத்தின் இன்னொரு விளைவுக்குத் துடுப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் நண்டு பிடிப்பது. அலகு நேராக நிமிர்வதற்கு முன்பே நீரில் இறங்கினால், ஓடும் நீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கைப்பிடி திரும்பி வந்து வலிப்பவரின் வயிற்றில் அடிக்கும். என் மகளின் முதல் போட்டியில் இது நடந்தது. ஒரு கணம் அவள் இருக்கையில் தெரிந்தாள், மறுகணம் மல்லாந்து கிடந்தாள், துடுப்பின் பிடி அவள் தலைக்கு மேலே கடந்து போயிருந்தது. அப்போது செய்யும் பெரிய தவறு, பதறிப் போய்த் துடுப்போடு மல்லுக்கட்டுவது. பிடியைத் தலைக்கு மேல் போக விட்டு, படகு வேகம் தணிந்ததும் மீட்டெடுத்து, காக்ஸ் சொல்லும் வலிப்பில் மீண்டும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

எர்க் எண்ணை மட்டும் பார்ப்பது

குளிர்காலத்தில் ஆறு உறையும்போது பயிற்சி எர்க் எனப்படும் உள்ளரங்கக் கருவிக்கு மாறும். 1981 முதல் அதைச் செய்துவரும் வெர்மான்ட் மாநிலத்து கான்செப்ட்2 நிறுவனத்தின் கருவியே பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் உண்டு. அதை 10இல் வைத்தால் அதிகப் பயிற்சி கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. அது கருவியின் விசிறிக்குள் காற்று போகும் அளவை மாற்றுவதுதான். 10இல் வைத்தால் ஒவ்வொரு வலிப்பும் கனத்து, முதுகு சீக்கிரம் தளரும். பலர் 3க்கும் 5க்கும் இடையில் வைத்து வலிக்கிறார்கள்.

2000 மீட்டர் தேர்வில் முதல் 500 மீட்டரை ஆவேசமாக ஓட்டிவிட்டு மூன்றாவது 500இல் சரிந்துபோவது கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் செய்வது. காரணம் கணக்கில் இருக்கிறது: வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஆற்றல் தேவைப்படும். 500 மீட்டருக்கு 2 நிமிடம் என்ற வேகத்துக்கு ஏறத்தாழ 203 வாட் போதும். 1 நிமிடம் 50 விநாடி என்றால் 263 வாட் வேண்டும். பத்து விநாடி சேமிக்க முப்பது விழுக்காடு கூடுதல் உழைப்பு. தொடக்கத்தில் சேமித்த விநாடிகளைவிடப் பின்னால் இழப்பது எப்போதும் அதிகம். தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு 500க்கும் உரிய வேகத்தைத் தாளில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

பெற்றோர் செய்யும் தவறு இங்கிருந்துதான் முளைக்கிறது. என் பிள்ளையின் எர்க் நேரம் அந்தப் பிள்ளையைவிட நான்கு விநாடி குறைவு, அப்படியிருக்க அந்தப் பிள்ளையை ஏன் முதல் படகில் வைத்தீர்கள் என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன், அந்த வாரம் என் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எர்க் ஓர் ஆளை அளக்கும். படகு எட்டுப் பேரால் ஓடுகிறது. அதனால்தான் பயிற்றுநர்கள் இருக்கைப் பந்தயம் வைக்கிறார்கள். இரண்டு படகுகளை ஓட்டி இடைவெளியைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரே ஒருவரை இடம் மாற்றி மறுபடி ஓட்டினால், இடைவெளி மாறுவதிலிருந்து அந்த இருவரில் யார் படகை வேகப்படுத்துகிறார் என்பது தெரிந்துவிடும். எர்க்கில் பின்தங்கிய பிள்ளை இதில் வெல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இருக்கை பற்றிய கேள்வியைப் பிள்ளையே பயிற்றுநரிடம் கேட்கட்டும். என்ன திருத்த வேண்டும் என்று கேட்டால் பதிலும் பயனுள்ளதாக இருக்கும்.

எடையும் கல்லூரியும்

வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இலகு எடைப் பிரிவுக்குள் நுழைக்க முயல வேண்டாம். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்த அந்தப் பிரிவு 2024 பாரிஸோடு அங்கிருந்து விடைபெற்றுவிட்டது. காக்ஸ் ஆக இருக்கும் சிறுமியர் எடை குறைக்க முயல்வது இன்னும் பொருளற்றது: உலக விதிப்படி காக்ஸ் 55 கிலோவுக்குக் குறைந்தால் அந்தக் குறையைச் சுமைப் பையால் ஈடுகட்ட வேண்டும். காக்ஸ் என்பவர் சும்மா அமர்ந்து வருபவர் என்று நினைப்பதும் தவறு. வலிப்பவர்கள் அனைவரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்க, முன்னே பார்ப்பவர் அவர் ஒருவரே. ஸ்கூகிலில் படகு இல்லங்களுக்குச் சற்றுக் கீழே ஃபேர்மவுண்ட் அணை இருக்கிறது. மழைக்குப் பின் நீரோட்டம் மிகுந்த நாளில் எட்டு உயிர்கள் அவர் சொல்லை நம்பியிருக்கின்றன.

கல்லூரி இடத்துக்காக மட்டும் சேர்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் துடுப்புப் போட்டிக்கு 1997 முதல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் பட்டம் இருக்கிறது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஊக்கம் அளித்தது. ஆண்கள் துடுப்புப் போட்டி என்சிஏஏவின் கீழ் இல்லை. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதே இல்லை. ஆகவே ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் வாய்ப்பு ஒன்றுபோல இருக்கும் என்று கணக்கிட வேண்டாம். விருப்பமில்லாத பிள்ளை பிப்ரவரி இருட்டில் எர்க்கில் அமர்ந்து எத்தனை நாள் தாங்கும்?

போட்டி நாளில்

இலையுதிர் காலத்தில் நடப்பவை நேரத்தோடு மோதும் நீண்ட போட்டிகள். பாஸ்டனில் 1965 முதல் அக்டோபரில் நடந்துவரும் ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். வசந்த காலத்தில் பள்ளிகளுக்கு வழக்கமான தூரம் 1500 மீட்டர், படகுகள் பக்கத்தில் பக்கமாகப் பாயும். இரண்டையும் ஒரே மாதிரி தொடங்குவது தவறு. புதிய உடை, புதிய உணவு இரண்டையும் அன்று சோதிக்க வேண்டாம். வழக்கமாகக் காலையில் இட்லி சாப்பிடும் பிள்ளைக்கு அன்றும் இட்லியே போதும், இரண்டு மணி நேரம் முன்னதாக. எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டோம் என்று தானே முடிவு செய்து துடுப்பை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு படகின் முனை கோட்டைத் தொடும்போதும் ஒலிப்பான் ஒலிக்கும். கேட்ட ஒலி அடுத்த படகுக்கு உரியதாகவும் இருக்கலாம். ஆகையால் காக்ஸ் சொல்லும் வரை வலித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போட்டி முடிந்ததும் வீட்டுப்பாடம் இருக்கிறது, தூரம் இருக்கிறது என்று பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். படகுகளின் பக்கவாட்டில் துடுப்பைத் தாங்கும் கைகளைக் கழற்றி, துடைத்து, இழுவண்டியில் ஏற்றிக் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டுப் பேர் தூக்க வேண்டிய படகை ஆறு பேர் தூக்கினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன். கடைசிப் படகின் பட்டை இறுகும் வரை பிள்ளை அங்கே இருக்கட்டும். நீங்கள் அதற்குள் கூடாரத்தையும் மீந்த எலுமிச்சைச் சாதத்தையும் கட்டி எடுத்து வைத்துவிடலாம்.