பழைய சைக்கிளில் புது பாகம்: வாங்கும் முன் பிரேமை அளந்து பாருங்கள்

ராடு பிரேக் வைத்த பழைய ஹெர்குலிஸ், அட்லஸ் வண்டிகள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் நிற்கின்றன. பிரேம் நன்றாகத்தான் இருக்கும். அலாய் வீலும் கியரும் போட்டால் தினமும் ஓட்டலாம். ஆனால் பாகத்தை வாங்கி வந்த பிறகுதான் நம்மில் பலர் டேப்பை எடுக்கிறோம்.

முதல் தப்பு நடப்பது வீலில். '28 இஞ்ச்' என்ற பெயரை நம்பாதீர்கள். பழைய 28 x 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; இன்று அதிகம் கிடைக்கும் 700சி என்ற அளவு ரிம்முக்கு 622. அதாவது 700சி வீல் போட்டால் பிரேக் கட்டை அந்த 13 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, ஆறரை மி.மீ., கூடுதலாகக் கீழே இறங்க வேண்டும். நான் ஒரு வண்டியில், ரிம்மை இரண்டு பக்கமும் இடுக்கிபோல் பிடிக்கும் காலிபர் பிரேக்கின் கை எட்டுகிறதா என்று பார்க்காமல் மாட்டிவிட்டேன். கட்டையின் மேல் ஓரம் டயரை உரசிக்கொண்டே இருந்து, நாலே நாளில் டயரின் பக்கவாட்டில் நூல் தெரிந்தது.

பழைய ரிம்மை வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மாற்றுவதும் தப்பு. ராடு பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிப்பது. அந்த ரிம்மின் பக்கவாட்டு வளைவில் காலிபர் கட்டைக்குப் பிடிமானம் கிடைக்காது. ரிம்மும் பிரேக்கும் சேர்ந்தே மாற வேண்டும். அலுமினிய ரிம்மாகவே போடுங்கள்; நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

பின் ஃபோர்க்கின் இடைவெளி சுமார் 110 மி.மீ.தான். இன்றைய கியர் வீல்களின் ஹப்புகள் (வீலின் நடுப்பாகம்) 130, 135. கையால் இழுத்து நுழைத்து நட்டை முறுக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது, ஆக்சில் வளையும். இரும்பு பிரேமைப் பட்டறையில் ஓரளவு விரிக்கலாம், 25 மி.மீ. விரிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் வகை இந்த பிரேமுக்கு ரொம்பப் பொருத்தம். கொஞ்சம் விரித்தால் போதும். பழையபடி வீலைப் பின்னால் இழுத்துச் செயினை டைட் பண்ணிக்கொள்ளலாம்.

டிஸ்க் பிரேக்குக்காக முன் ஃபோர்க்கில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். பிடிக்கும் விசை முழுவதும் ஒரு காலில் மட்டும் விழும். அதற்காகச் செய்த ஃபோர்க் அல்ல அது.

பெடல் கைகள் சுழலும் நடு அச்சில் கை வைக்கும்போது ஒன்று: கிராங்கை (பெடல் கையை) அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை அடித்துக் கழற்றும் முன் கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அடி முழுவதும் பேரிங்கில் இறங்கும். செயின் பக்கம் அந்த பேரிங் உட்காரும் கப்புக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும்.