சுண்ணாம்புக் காரை வேலையில் தொழில் தொடங்க

பழைய கோயில், செட்டிநாட்டு வீடு, அரண்மனை எதைப் பழுதுபார்த்தாலும் முதலில் தேவைப்படுவது சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார். அப்படிப்பட்ட ஒருவரிடம் சித்தாளாகச் சேருங்கள். மரபுக் கட்டடக்கலையைப் பட்டப்படிப்பாகக் கற்க மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கரணை பிடிக்கும் கை களத்தில்தான் பழகும்.

முதல் பாடம் நீற்றுதல், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் களியாக்குதல். தொட்டித் தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகப் போடவும். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்க, குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் நீறாத துகள்கள் சுவரில் ஏறிய பிறகு நீறி, பூச்சைக் குழிகுழியாகப் பெயர்க்கும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல். உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் சில நாள் புளிக்கவைத்து, அந்த நீரைச் சேர்த்துக் குழைப்பது நம் வழக்கம். சுவரை நன்றாக நனைத்த பின், ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்; ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் சிமெண்ட் ஒட்டுப் போடாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பழைய செங்கல்லே பொடியாக உதிரும். போன செங்கல் திரும்ப வராது.

செய்த வேலையை முன்னும் பின்னும் படமெடுத்து, கலவை விகிதத்தோடு குறித்து வையுங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் கட்டடக்கலைஞர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.