வெள்ளம் வடிந்ததும் என்ன செய்வது? நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் பெற ஒரு வழிகாட்டி

வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். அதற்கு முன் செல்போனை எடுங்கள். சுவரில் படிந்த சேற்றுக்கோட்டைக் கழுவிவிட்டால், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு இருந்த சாட்சியையும் சேர்த்துக் கழுவிவிட்டதாகத்தான் அர்த்தம்.

தமிழ்நாட்டில் வெள்ள உதவி ஒரே வாசல் வழியாக வருவதில்லை. ரேஷன் கடையில் தரும் ரொக்கம், வீட்டுச் சேதத்துக்கு வருவாய்த் துறை தரும் நிவாரணம், காப்பீட்டு நிறுவனம் தரும் இழப்பீடு மூன்றும் தனித்தனி. ரேஷன் கடைப் பணம் வாங்கியாச்சு, இனி எதுவும் கிடைக்காது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

1. முதலில் மின்சாரம்

மெயின் சுவிட்சை, காய்ந்த தரையில் நின்று தொட முடிந்தால் மட்டும் அணையுங்கள். மீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் கை வைக்காமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். நனைந்த பிரிட்ஜ், வாஷிங் மெஷினைப் போட்டுப் பார்க்கவே கூடாது. ஈரமான சர்க்யூட் போர்டில் மின்சாரம் பாய்ந்தால், காயவைத்துப் பிழைக்க வைத்திருக்கக்கூடியதும் கருகிவிடும். தாழ்வாக இருக்கும் பிளக் பாயிண்டுகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்றி, காயவைத்து, வயரிங்கைச் சோதித்த பிறகே லைன் கொடுக்கச் சொல்லுங்கள்.

2. படம் எடுக்கும் முறை

வீட்டு எண் தெரியும்படி வாசலில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை. சேற்றுக்கோடு இருக்கும் இடத்தில் தரையிலிருந்து டேப்பை நிமிர்த்திப் பிடித்து, அளவு எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். விரிசல் விட்ட சுவரை வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் எடுங்கள். டிவி, பிரிட்ஜ், மோட்டார் என்றால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண்ணையும் சேர்த்து எடுங்கள். பில் நனைந்து கிழிந்திருந்தாலும், வாங்கிய கடையில் அந்த எண்ணை வைத்து நகல் கேட்கலாம்.

கெட்டுப்போன அரிசி, மெத்தையையெல்லாம் படமெடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம். விலை அதிகமான பொருள்களை மட்டும், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை ஓரமாக வையுங்கள்.

3. வி.ஏ.ஓ. எடுக்கும் கணக்கு

வீட்டுச் சேத நிவாரணம் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எடுக்கும் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. அது வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறவில்லை என்றால் பணம் வராது. வி.ஏ.ஓ. வரும் நாளில் நீங்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தால் கதவு பூட்டியிருக்கும், பெயரும் விட்டுப்போகும். பெரும்பாலும் பெயர் விடுபடுவது இப்படித்தான். அதனால் காத்திருக்காமல் மனு எழுதி அவரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள்.

மனுவில் 'பெரும் சேதம்' என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. விதிமுறை எதை அளக்கிறதோ அதை எழுத வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிமுறைப்படி, சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால் கான்கிரீட், செங்கல் போன்ற உறுதியான வீட்டுக்கு 6,500, மண்சுவர் வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. வீடு முழுதும் இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. கறவை மாடு இறந்தால் 37,500, ஆடு என்றால் 4,000. மாநில அரசு இதற்கு மேலேயும் அறிவிப்பதுண்டு. 2024 ஃபெஞ்சல் புயலின்போது குடிசைக்கு 10,000 என்று உயர்த்தியது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "டிசம்பர் 4 காலை 5 மணிக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 7-ஆம் தேதி மாலை வரை 3 அடி உயரத்துக்கு நின்றது. மண்சுவர், ஓட்டுக் கூரை வீடு. வடக்குச் சுவர் முழுதும் சரிந்தது. சமையலறைக் கூரை விழுந்தது. வசிப்பவர்கள் 4 பேர்." இரண்டு நாள் என்ற வரம்பும் 15 சதவீதம் என்ற வரம்பும் இதைப் படிப்பவருக்கே விளங்கிவிடும்.

குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், வீட்டு வரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, படங்கள் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அனுமதி பெற்ற கட்டடம் என்று சான்று கேட்பது விதிமுறையிலேயே இருப்பதால், பட்டா இல்லாதவர்கள் வரி ரசீதையும் மின்ரசீதையும் விடாமல் வைக்க வேண்டும். பாஸ்புக்கில் இருக்கும் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். முடங்கிய கணக்கு என்றால் அனுப்பிய பணம் திரும்பிவிடும். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கினால்தான் அது மனு. வாங்காவிட்டால் வெறும் காகிதம்.

4. ரேஷன் கடை ரொக்கம்

இது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தனி அரசாணையாக வரும். தொகையும் மாறும், பகுதியும் மாறும். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் 6,000 ரூபாய் தந்தார்கள். அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் 6,000, தென்காசி, கன்னியாகுமரியில் 1,000. ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. அரசாணையில் உங்கள் தாலுகா பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

டோக்கனில் போட்டிருக்கும் நாளில் அட்டையோடு போனால் போதும். அட்டை வேறு ஊர் முகவரியில் இருக்கும் வாடகைக்காரர்களுக்குத்தான் சிக்கல். மிக்ஜாமில் டோக்கன் கிடைக்காதவர்களிடம் ரேஷன் கடையிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது என்று இங்கேதான் குடியிருக்கிறீர்கள் எனக் காட்டும் எதையாவது சேர்த்துக் கொடுங்கள்.

5. காப்பீடு

'எனக்கு எந்தப் பாலிசியும் இல்லை' என்று சொல்லும் முன் வீட்டுக்கடன் கோப்பைப் புரட்டுங்கள். பல வங்கிகள் கடன் தரும்போதே கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கும். கடன் வாங்கியவரின் உயிருக்கு மட்டும் எடுத்ததாகவும் இருக்கலாம். பாலிசி நகலை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2021 ஏப்ரல் முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளம் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே சேரும். குறைந்த மதிப்புக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை விகிதப்படி வெட்ட மாட்டார்கள். மற்ற பாலிசிகளில் வெட்ட வாய்ப்புண்டு. வீட்டில் வைத்திருந்து நனைந்த, தொலைந்த ரொக்கத்துக்கு இதில் இழப்பீடு வராது.

உடனே போனில் தகவல் சொல்லி, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சர்வேயர் வரும்போது பொருள், வாங்கிய ஆண்டு, விலை, பழுதுச் செலவு என்று நான்கு பத்தியில் பட்டியல் தயாராக இருக்கட்டும். கொத்தனார், தச்சரிடம் எழுத்தில் வாங்கிய மதிப்பீடும் வேண்டும். வாய்வார்த்தை எடுபடாது.

கார் மூழ்கியிருந்தால் சாவியைத் திருகவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'இது வெள்ளம் செய்த சேதமல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது' என்று மறுக்க நிறுவனத்துக்கு அதுவே போதும். படமெடுத்து, டோ செய்து கொண்டுபோங்கள்.

6. தண்ணீரும் காகிதங்களும்

சம்ப்பை இறைத்து, சேறு வாரி, தேய்த்துக் கழுவிய பின் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே கொட்டாமல் ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு கீழே படிந்ததும் தெளிநீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

நனைந்த பத்திரத்தை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். விசிறிக் காற்றில், வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்துக் காயவிடுங்கள். அடியோடு போய்விட்டால் பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். ஒட்டிக்கொண்ட ரூபாய் நோட்டுகளைப் பிரிக்காமல் வங்கிக்குக் கொண்டுபோங்கள்.

7. மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ

வருவாய்த் துறையில் தாசில்தாரைப் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில், ஒப்புகை வாங்கிய பழைய மனுவின் நகலோடு புதிய மனு கொடுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணிலும் பதியலாம்.

காப்பீட்டில், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும்.