பதினாறு யூனிட்டுக்கு 361 ரூபாயா? ஈ.பி. பில்லைப் படிக்கும் முறை

போன கோடையில் அம்மா வீட்டுக்கு 2,141 ரூபாய் பில் வந்தது. அதற்கு முந்தைய பில் 1,780. "பதினாறு யூனிட்தானேடா கூட ஓடியிருக்கு, முந்நூத்தி அறுபது ரூபாய் எப்படி ஏறும்?" என்று போனில் கேட்டார். மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்பது அவர் சந்தேகம். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. பில் போடும் முறையே அப்படி. அம்மாவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன். இது தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கான கணக்கு. கடைக்கும் அடுக்குமாடியின் பொது விளக்குக்கும் விகிதம் வேறு.

முதல் படி: ரீடிங்

தொகையைக் கடைசியில் பார்க்கலாம். பில்லிலோ வெள்ளை அட்டையிலோ முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங் என்று இரண்டு எண்கள் இருக்கும். அம்மாவின் பில்லில் 13,720, அப்புறம் 14,232. கழித்தால் 512. இரண்டு மாதத்தில் ஓடிய யூனிட் அதுதான். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் அதை முடித்துவிடும். 75 வாட் மின்விசிறிக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பில்லில் உள்ள எண்ணை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரை தேதி, நேரம், வோல்ட் என்று மாறி மாறிக் காட்டும். கே.டபிள்யூ.ஹெச் என்ற எழுத்துகளோடு வருவதுதான் நமக்கு வேண்டியது. பில்லில் இருப்பதைவிட மீட்டரில் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், ரீடிங் எடுத்த பிறகும் வீட்டில் கரண்ட் ஓடுகிறதல்லவா? குறைவாக இருந்தால் எண்ணைத் தவறாகக் குறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியாமல் போனால், பழைய பில்லை வைத்து உத்தேசமாக ஒரு தொகை போடுவார்கள். அடுத்த ரீடிங்கில் அதைச் சரிக்கட்டுவார்கள்.

பில்லில் விகிதம் 1ஏ, அதாவது வீட்டு விகிதம், என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பை, குடிவந்த பிறகும் வீட்டு விகிதத்துக்கு மாற்றாமல் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இரண்டாம் படி: அடுக்கு

வம்பு எல்லாம் இங்கேதான். அந்தப் பில் வந்தபோது முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், ஆயிரம் யூனிட் ஓட்டினாலும் சரி. அதற்கு மேல் 2024 ஜூலை 1 முதல் வந்த விகிதத்தில் கணக்கு போடுகிறேன். 2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் அப்போதும் இது மாறவில்லை. பிறகு விகிதம் மாறியிருந்தால் புது எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு போடும் வழி இதுதான்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அம்மாவின் முந்தைய பில் 496 யூனிட். முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 235, அதற்கடுத்த இருநூறுக்கு 940, மிச்சம் 96 யூனிட்டுக்கு 604.80. கூட்டினால் 1,779.80. பில்லில் 1,780.

500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த அந்த 2.35 ரூபாய் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். மேலே போகப் போக விலையும் ஏறும்: 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55. இப்போது 512-ஐப் போடுங்கள். 300 யூனிட்டுக்கு 1,410, அடுத்த நூறுக்கு 630, கடைசி 12 யூனிட்டுக்கு 100.80. மொத்தம் 2,140.80.

இன்னும் கிட்டத்தில் பார்த்தால், 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048.40. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! அம்மா வீட்டில் மருமகன் வந்து தங்கிய நாலு ராத்திரி ஏ.சி. ஓடியது. கோட்டைத் தாண்ட அது போதும்.

ரீடிங் எடுத்த தேதியையும் இதனால்தான் பார்க்க வேண்டும். 64 நாளுக்கு 512 யூனிட் என்றால் நாளுக்கு 8 யூனிட். அறுபதாம் நாளே எடுத்திருந்தால் 480 யூனிட், 1,679 ரூபாயோடு முடிந்திருக்கும். தாமதம் என்று பட்டால் இரண்டு தேதிகளையும் எழுதி, உங்கள் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள்.

மூன்றாம் படி: கரண்டுக்குச் சம்பந்தமில்லாத தொகைகள்

யூனிட் கணக்கு சரியாக வந்தும் மொத்தத் தொகை இடிக்கிறதென்றால், கீழே வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. பழைய பாக்கி இருக்கலாம். ஏ.சி.சி.டி. என்று இருந்தால் கூடுதல் டெபாசிட் கேட்கிறார்கள். உங்கள் பயன்பாடு கூடியிருக்கிறது, கையிருப்பு டெபாசிட் போதவில்லை என்று பொருள். இது செலவில்லை, உங்கள் பெயரில்தான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வட்டியைக் கணக்கிட்டுப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். வீடுகளுக்கு முன்பு இருந்த நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரிலேயே போய்விட்டது. பில் கட்ட, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

நான் முன்பு இருந்த வீட்டில் மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினார். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நூறு யூனிட் இலவசம், மொத்தம் எப்போதும் 500-க்கு மேல். எனக்கு மாதம் 90 யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 1,440 ரூபாய் கொடுத்தேன். தனி இணைப்பு இருந்திருந்தால், 180 யூனிட்டுக்கு 188 ரூபாய்! வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், தனி ஈ.பி. கார்டு உண்டா என்று கேளுங்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் யூனிட் கூடுதலாகத் தெரிந்தால், வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். ஐந்து நிமிடம் ஆகியும் மினுக்கிக்கொண்டே இருந்தால், உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ கரண்ட் போகிறது, அல்லது மீட்டரில் கோளாறு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987 என்ற எண்ணில், புகார் பதியலாம். நின்றுவிட்டால், ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏ.சி. என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதற்கு விளக்கு வேகமாக மினுக்குகிறதோ, அதுதான் யூனிட்டைத் தின்கிறது.

அம்மா இப்போது ரீடிங் எடுத்துப் போன தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுகிறார். நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரைப் பார்ப்பார். அதற்குள் 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால், மருமகனுக்கு மொட்டை மாடியில்தான் பாய்.